நலமான நூற்றிருபது பேர்

ஜனவரி 6, திங்கள்

ஆராய்ச்சி செய்கிறவர்கள் தினமும் நாலு வரியாவது எழுத வேண்டுமாம். கைடு டாக்டர் ரஹ்மத் நிஷா மேடம் சொல்லிவிட்டார். "எங்க தப்பு பண்ணோம்னு பின்னால தேடிப் பாக்க உதவும் தவசி சார்" என்றார். நான் தப்பு பண்ணுவேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆகவே முறைப்படி: பெயர் தவசிமுத்து. வயது நாற்பத்து மூன்று. தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் பத்தொன்பது வருடமாக டெக்னீஷியன். அதே ஆஸ்பத்திரி நடத்தும் கல்லூரியில் இப்போது எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, மருத்துவ ஆய்வக அறிவியல். காலையில் மாணவன், மதியத்துக்கு மேல் ஊழியன். முதல் நாள் வகுப்பில் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். நானும் பழக்கத்தில் "உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்த மானக்கேட்டிலிருந்து இன்னும் மீளவில்லை.

இந்த வயதில் எதற்கு இந்த வேலை? டிப்ளமா மட்டும் படித்தவன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது என்று எங்கள் ஆஸ்பத்திரி முடிவு செய்துவிட்டது. நான் எடுத்த ரத்தம், நான் ஓட்டிய சோதனை, நான் சரிபார்த்த எண். அதற்குக் கீழே இருபத்தாறு வயது எம்.எஸ்சி. ஒருவன் போன் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறான். லேப் பொறுப்பாளர் பதவி ஏப்ரலில் காலியாகிறது. மார்ச் 28-க்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் அது எனக்கு. இல்லையென்றால் போன் பேசுகிறவனுக்கு.

இடுப்பு வலி. ஒரு மாத்திரை.

ஜனவரி 9, வியாழன்

ஆய்வுத் தலைப்பை மேடம் ஏற்றுக்கொண்டார். கிரியாட்டினின். உடம்பில் தினமும் சேரும் ஒரு கழிவு. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் அதை வெளியே தள்ளிவிடும். செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ரிப்போர்ட்டில் 'இயல்பான அளவு 0.7 முதல் 1.2 வரை' என்று அச்சடித்திருப்போம். அந்த எண் நம் ஊரில் கண்டுபிடித்ததல்ல. சோதனை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டிலிருந்து எடுத்தது. எந்தக் குளிர்நாட்டுக்காரனைக் குத்திப் பார்த்தார்களோ. அவனுக்கும் உப்பளத்து வெயிலில் நாள் முழுக்க நிற்கிறவனுக்கும் ஒரே அளவுதானா?

தூத்துக்குடிக்காரர்களின் இயல்பான அளவைக் கண்டுபிடிக்கப்போகிறேன். அதற்கு நலமான ஆட்கள் நூற்றிருபது பேர் வேண்டும். மூன்றரை லட்சம் பேர் இருக்கிற ஊரில் நூற்றிருபது பேரா கிடைக்க மாட்டார்கள் என்று மேடத்திடம் சிரித்தேன்.

ஜனவரி 18, சனி

கிடைக்க மாட்டார்கள்.

காலையில் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். என் கேள்வித்தாளில் நாலே கேள்விகள்: சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தினசரி மருந்து ஏதும் உண்டா, வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடுவது உண்டா. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் ஆள் ஆய்வுக்கு ஆக மாட்டார்.

"சுகர் இருக்கா அண்ணாச்சி?"

"சுகரெல்லாம் இல்ல. லேசா இருக்கு."

"லேசான்னா?"

"இருநூத்தி எம்பது."

அடுத்தவர் தனக்குப் பிரஷரே கிடையாது என்று சத்தியம் செய்தார். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "அதான் தெனமும் மாத்திரை போடுதேன்லா" என்றார்.

பதினாலு பேரைக் கேட்டதில் தேறியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஊசியைப் பார்த்ததும் சவாரி வந்துவிட்டதாகச் சொல்லிக் காலி ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேரின் ரத்தத்தோடு திரும்பினேன்.

ஊர்க்காரர்கள் உடம்பைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வாழ்கிறார்கள். படித்தவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இடுப்புக்கு ஒரு மாத்திரை. முழங்காலுக்கு ஒன்று.

ஜனவரி 29, புதன்

ஐம்பத்திரண்டு பேர் ஆயிற்று. பாதிப் புண்ணியம் பிரின்சியாவுக்கு. என் வகுப்புத் தோழி, வயது இருபத்து மூன்று, புன்னக்காயலில் மீன்பிடிக் குடும்பம். ஊரில் மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று பதினேழு பேரைத் திரட்டிக் கொடுத்தாள். கடலுக்குப் போகிறவர்களின் சிறுநீரகங்கள் அருமையாக இருக்கின்றன.

ஏற்பாடு இதுதான். ரத்தம் எடுத்துக் குழாயில் எண் ஒட்டுவது பிரின்சியா. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவளிடம் பூட்டி இருக்கும். நான் எண்ணை மட்டும் பார்த்துச் சோதிப்பேன். ஆள் யாரென்று தெரிந்தால் சோதிக்கிறவன் மனம் சாய்ந்துவிடும் என்பது விதி. எனக்கு மனம் சாயாது, நான் பத்தொன்பது வருடம் பழுத்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். மேடம் கேட்கவில்லை.

புதுச் செருப்பு வாங்கியது மோசம். காலையில் சரியாக இருக்கிறது, சாயங்காலம் இறுக்குகிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்.

பிப்ரவரி 17, திங்கள்

உப்பள அலுவலகத்தில் முகாம். எட்டுப் பேர் வருவதாகச் சொல்லி ஏழு பேர் வந்தார்கள். ஐஸ் பெட்டி, குழாய், எல்லாம் எட்டுக்கு ஆயத்தம். பிரின்சியா என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்களே உக்காருங்களேன். ஒங்களுக்கு என்ன, ஆரோக்கியமாத்தான இருக்கிய?"

பட்டனைக் கழற்றி முழங்கைக்கு மேல் சட்டையை மடக்கினேன். கேள்வித்தாளையும் முறைப்படி நிரப்பினேன். சர்க்கரை இல்லை. அழுத்தம் இல்லை, அதாவது பார்த்ததில்லை. வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடுவதுண்டா? இல்லை என்று டிக் அடித்தேன். தொடர்ந்து சாப்பிடுவதில்லை. வலித்தால் மட்டும்தான் சாப்பிடுகிறேன். தினமும் வலிக்கிறது என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 19, புதன்

இன்று ஒரு விபரீதம். திங்களன்று எடுத்த எட்டில் 077 என்ற குழாய் 3.8 காட்டியது. இயல்பு 1.2.

முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். லேபில் வேலை செய்கிறவன் கடவுளைக்கூட அப்புறம்தான் சந்தேகப்படுவான். விடை தெரிந்த கன்ட்ரோல் ரத்தத்தை ஓட்டினேன். சரியாக வந்தது. சோதனை மருந்தைக் கொட்டிவிட்டுப் புதுப் பாட்டில் திறந்தேன். அளவீட்டைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். 3.7. இன்னொரு முறை. 3.8. மெஷின் உண்மையைத்தான் சொல்கிறது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிரின்சியாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"எந்த மடையன்மா இவன்? மூணு எட்டு வச்சுக்கிட்டு நல்லாருக்கேன்னு கையை நீட்டிருக்கான். கால் வீங்கிருக்கும், வாய் கசந்திருக்கும், சோறு எறங்கிருக்காது. ஒண்ணுகூடவா தெரியாம இருக்கும்? பட்டியலத் தொற. இன்னைக்கே போன் போடணும்."

அவள் பூட்டைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். பிறகு மூடினாள்.

"அண்ணாச்சி, நாளைக்குச் சொல்லட்டா?"

"நாளைக்கா? ஒரு மனுசன் கிட்னி போயிட்டிருக்கு, நாளைக்குங்க?"

"எனக்குத் தலை வலிக்கு" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்பதே கிடையாது.

பிப்ரவரி 20, வியாழன்

பிரின்சியா கேன்டீனில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் டீ வாங்கித் தருகிற ரகமல்ல.

"எழுபத்தேழு நீங்கதான் அண்ணாச்சி."

"குழாய் மாறிருக்கும்."

"ஒங்க கையில ஊசி இருக்கும்போதே ஒங்க கண்ணு முன்னாடிதான் ஒட்டுனேன்."

"முந்தின நாள் ஞாயித்துக்கெழம. கறி சாப்பிட்டேன். கறி சாப்பிட்டா கிரியாட்டினின் ஏறும். புத்தகத்துலயே இருக்கு."

"எவ்வளவு ஏறும்?"

கால் புள்ளி ஏறலாம். 3.8 வர வேண்டுமானால் நான் ஆட்டை மந்தையோடு சாப்பிட்டிருக்க வேண்டும். அவளுக்கும் அது தெரியும். தன் டீயைக் குடித்து முடித்தாள். என் டீ ஆறிப்போயிற்று.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆய்வு நெறிகளின்படி தன்னார்வலர்களின் பெயரை எங்கும் எழுதக் கூடாது. ஆகவே இனிமேல் இந்த நாட்குறிப்பிலும் அவரை 077 என்றே குறிப்பிடுவேன்.

077 ஆண். நாற்பத்து மூன்று வயது. நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர் என்று தெரிகிறது.

பிப்ரவரி 27, வியாழன்

தொண்ணூற்றாறு பேர். வேலை வேகமாகப் போகிறது.

என் மனைவி இசக்கிச்செல்வி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கி எடை போடுகிறவள். எந்தப் பிள்ளை எத்தனை கிராம் இளைத்தது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். நேற்று மத்தியானம் என் காலைப் பார்த்தாள்.

"காலைக் காமிங்க. என்ன, விரல் வச்சா குழி விழுது?"

"நாள் முழுக்க நிக்கேன்லா."

"பத்தொம்பது வருசமா நின்னிய. இப்பத்தான் குழி விழுதா?"

சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். 077-க்குப் பிடித்த குழம்பு. இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. வாயில் இரும்புச் சாவியை வைத்தது மாதிரி ஒரு ருசி. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார். செல்வி ருசி பார்த்தாள். சட்டியை மூடி வைத்தாள்.

மார்ச் 3, திங்கள்

புள்ளியியல் என்றால் எனக்குப் பயம். இன்றுதான் அதன் அருமை தெரிந்தது.

கூட்டத்தை விட்டு மிகவும் விலகி நிற்கும் எண்ணைக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்று ஒரு விதி உண்டு. ஒரு சூத்திரம், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். 077-ஐப் போட்டுப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் நெருக்கமாக ஒரு பக்கம் நிற்கிறார்கள். இவர் மட்டும் தனியாக எங்கோ இருக்கிறார். விதிப்படி நீக்கத் தகுதியானவர். ஒரு பொத்தானை அழுத்தினேன். சராசரி அழகாக இறங்கிப் படத்தில் வளைவு சீரானது.

மனதுக்கு எவ்வளவு நிம்மதி. ஒரு ஆளின் நோயை ஒரே பொத்தானில் தீர்த்த மருத்துவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

மாத்திரை இரண்டு.

மார்ச் 6, வியாழன்

மேடம் எண்களைப் பார்வையிட்டார். கண் நேராக நீக்கப்பட்டவர்கள் பக்கத்துக்குப் போயிற்று.

மூன்று பேர் இருந்தார்கள். 031, 058, 077. முதல் இருவரிடமும் நானே வீடு தேடிப் போய்ச் சொன்னேன். அதில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் அறிவுரை கூறி, அவர் மனைவி கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வந்தேன்.

"எழுபத்தேழுக்கு மூணு எட்டா? சொல்லியாச்சா சார்?"

"சொல்லியாச்சு மேடம்."

"என்ன சொன்னார்?"

"மெஷின் தப்புங்காரு."

"எல்லாரும் அதான் சொல்வாங்க. வயசு என்ன?"

"நாப்பத்தி மூணு."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "சின்ன வயசு. சார், விடாதீங்க இவரை. இப்பவே நெஃப்ராலஜிஸ்ட்ட போனா மிச்சத்தையாவது காப்பாத்தலாம். ஆறு மாசம் கழிச்சுப் போனா டயாலிசிஸ்தான். வலி மாத்திரை கீத்திரை ஏதும் போடுறாரா?"

"கேக்கணும் மேடம்."

"கேளுங்க. குடும்பம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

கதவுப் பக்கம் நின்ற பிரின்சியா கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

ஆராய்ச்சியாளன் ஒரே மெஷினை நம்பக் கூடாது. வேறு லேபில் ஒத்துப்பார்க்க வேண்டும். வேறு எந்தக் காரணமும் இல்லை. பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு லேபுக்குப் போனேன். என்னைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. பெயர் முத்தையா, வயது நாற்பத்தைந்து என்று கொடுத்தேன். ரத்தம் எடுத்த பெண் மூன்று முறை குத்தினாள். "ஒங்க நரம்பு ஓடுது சார்" என்றாள். எனக்கும் அதோடு சேர்ந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"ரிப்போர்ட் எந்த நம்பருக்கு அனுப்பணும்?"

என் எண் ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆகவே, எதற்கு வம்பு என்று, யோசிக்காமல் வாயில் வந்த எண்ணைச் சொன்னேன். கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, கரன்ட் பில், எல்லாவற்றுக்கும் இருபது வருடமாக நான் கொடுக்கும் எண்.

மார்ச் 12, புதன்

செல்வியின் எண்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது போனை எடுத்து நீட்டினாள்.

"ஏங்க, யாரோ முத்தையாவாம். அவுக ரத்த ரிப்போர்ட்டு என் நம்பருக்கு வந்துருக்கு. செவப்பு எழுத்துல மூணு ஒம்பதுன்னு போட்டுருக்கு. செவப்புன்னா மோசம்னுதான அர்த்தம்?"

வாங்கிப் பார்த்தேன். 3.9.

"மோசம்தான்."

"பாவம், நம்பர மாத்திக் குடுத்துட்டாக போல. அந்த லேபுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. அவுக வீட்ல ஒரு பொம்பள இருப்பால்லா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதே. சோறு பொங்கி வச்சுட்டு எப்ப வருவாகன்னு பாத்துட்டிருப்பா."

சொல்கிறேன் என்றேன். கை கழுவப் போய் ரொம்ப நேரம் கழுவினேன்.

மார்ச் 13, வியாழன்

"முத்தையாவுக்குச் சொல்லிட்டியளா?"

"லைன் கெடைக்கல."

மாத்திரை போடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

"முத்தையாவுக்குச் சொல்லிட்டியளா?"

"சொல்லுதேன்."

இன்றும் மாத்திரை இல்லை. இடுப்பு என்னைக் கேட்காத கேள்வி இல்லை. லேபில் ரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் பேசுகிற எம்.எஸ்சி. பையன் போனை வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டான். நல்ல பையன்தான் போலிருக்கிறது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

கல்லூரி ஆய்வு நெறிக் குழுவிலிருந்து புதுப் படிவம் வந்திருக்கிறது. எண் மோசமாக வந்த தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. தகவல் சொன்னவர் கையெழுத்து. கேட்டுக்கொண்டவர் கையெழுத்து. தகவலைக் கேட்டதும் அவர் சொன்னது என்ன என்று எழுத ஒரு கட்டம். எந்த மருத்துவரிடம் அனுப்பினோம் என்று ஒரு வரி. ரத்தம் எடுத்தவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று படிவமும் வியாழக்கிழமைக்குள் வராவிட்டால் ஆய்வேட்டை மேலே அனுப்ப முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார்.

நான் 077-க்கான படிவத்தைக் கொஞ்சம் கலைநயத்தோடு நிரப்பினேன். அவர் வெளியூர் போய்விட்டார், போனில் சொன்னேன், கையெழுத்து பிறகு வரும். பிரின்சியாவிடம் நீட்டினேன்.

வாசித்தாள். பேனாவின் மூடியைத் திறக்கவே இல்லை.

"நான் போட மாட்டேன் அண்ணாச்சி."

"போடலைன்னா என் படிப்பு போச்சும்மா. பதவி போச்சு."

"போட்டா நீங்க போயிருவிய."

"பெரிய மனுசன்ட்ட பேசுற பேச்சா இது?"

"எங்க இன்னொரு மாமாவுக்கு இப்படித்தான். கடலுக்குப் போன ஆளு, பல்லு வலின்னுகூடச் சொல்ல மாட்டாரு. வாரத்துக்கு மூணு நாளு டயாலிசிஸ். வலைய வித்துட்டாரு." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு எழுபத்தேழு யாருன்னு தெரியாமலே எவ்வளவு கோவப்பட்டிய. தெரியாத ஆளுக்காக அம்புட்டுத் துடிச்சிய. நீங்கன்னு தெரிஞ்சதும் மூடி வச்சிட்டிய. இது என்ன நியாயம்?"

படிவத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். புதுப் படிவம் ஒன்று தந்தாள். எடுத்து வைத்திருந்திருக்கிறாள்.

மார்ச் 19, புதன்

லீவு போட்டேன். பதினொன்றரை மணிக்கு அங்கன்வாடிக்கே போய்விட்டேன். செல்வி பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்துத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை அந்நேரத்தில் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டாள்.

"என்ன?"

பத்தொன்பது வருடத்தில் எத்தனை டாக்டர்களுக்கு, எத்தனை வீட்டாருக்கு மோசமான எண்களைச் சொல்லியிருப்பேன். முதலில் பெயர், பிறகு சோதனை, பிறகு அளவு. அந்த வரிசை நாக்கில் பழகிப்போனது. இன்று பெயரிலேயே மாட்டிக்கொண்டது.

"முத்தையா நான்தான் செல்வி."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. சின்ன நாற்காலி ஒன்றில், பிள்ளைகள் உட்காருவதில், உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வாரமா அந்த முத்தையா பொண்டாட்டிக்காக வேண்டிட்டிருக்கேன்" என்றாள். "வெள்ளிக்கெழம கோயில்ல வெளக்குப் போட்டேன். அவளுக்குத் தைரியத்தக் குடு தாயேன்னு. எனக்கேவா வேண்டிக்கிட்டேன்?"

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். ஒரு மாதம் என்றேன். அதற்குத்தான் அழுதாள். எண்ணுக்கு அல்ல, ஒரு மாதத்துக்கு. பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு குட்டி என்னைப் பார்த்து "டீச்சர அடிச்சியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

நானும் அவளிடம் ஒன்று சொன்னேன். அது ஆய்வுக்குத் தேவையில்லாதது. எழுதவில்லை.

பிறகு வீட்டுக்கு வந்து அலமாரி, சட்டைப்பை, பைக் பெட்டி என்று எல்லா இடத்திலிருந்தும் வலி மாத்திரைகளைப் பொறுக்கி எடுத்தாள். ஒரு முறத்தில் கொட்டினாள். மருந்துக் கடையே வெட்கப்படும் அளவு. 'தொடர்ந்து சாப்பிடுவதில்லை' என்று டிக் அடித்த கையை முறத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மேடத்துக்குப் போன் செய்து 077 யாரென்று சொன்னேன். "டாக்டர் அருள்ஞானத்துக்கிட்ட நாளைக்குக் காலைல டோக்கன் போட்டு வைக்கிறேன். ஆய்வேடு எங்கயும் ஓடிராது" என்றார். நூற்றிருபதுக்கு ஆள் குறைகிறதே என்றேன். "தவசி சார், போனை வைங்க" என்றார்.

மார்ச் 20, வியாழன்

சிறுநீரக மருத்துவரின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். டோக்கன் பதினாலு. இப்போது ஒன்பது உள்ளே போயிருக்கிறார். எதிர்ச் சுவரில் சிறுநீரகத்தின் பெரிய படம். இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். செல்வி முழங்கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

குறைந்த ஆட்களுக்குப் பதில் பிரின்சியா பிடித்துவிட்டாளாம். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் விற்கிறவர்தான் கடைசி ஆள். அளவு 0.8 என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். நலமான நூற்றிருபது பேர் கிடைத்துவிட்டார்கள். அவர்களில் நான் இல்லை.

பன்னிரண்டு மணிக்குள் படிவங்களை மேடத்துக்குப் படமெடுத்து அனுப்ப வேண்டும். முதல் இரண்டும் சுலபம். தகவலைக் கேட்டதும் தன்னார்வலர் கூறியது:

031: எனக்கு ஒன்றுமில்லை, உங்கள் மெஷினைப் பாருங்கள் என்றார்.

058: வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இந்த இருவரையும் அன்று எவ்வளவு இளக்காரமாக நினைத்தேன். ஒரு மாதத்துக்குள் இரண்டு பேர் வேலையையும் நான் ஒருவனே செய்து முடித்துவிட்டேன்.

மூன்றாவது படிவம். சொன்னவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. கேட்டுக்கொண்டவர் என்ற இடத்திலும் அதே கையெழுத்து. அந்தக் கட்டத்தில் 'உரிய மருத்துவ ஆலோசனை பெறுவதாக உறுதியளித்தார்' என்று நல்ல தமிழில் எழுதினேன். எழுபத்தேழைப் பற்றி இவ்வளவு கண்ணியமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

செல்வி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"நீங்க எப்ப இப்படிச் சொன்னிய?"

"இது படிவம். இப்படித்தான் எழுதணும்."

"கேட்டதும் என்ன சொன்னாகன்னுதான போட்டுருக்கு? நேத்து என்கிட்ட சொன்னியள்லா. அத எழுதுங்க."

"அத எப்படி இதுல எழுத?"

"மத்த ரெண்டு பேரும் சொன்னத எழுதத் தெரிஞ்சுதுல்லா?"

டோக்கன் பத்து உள்ளே போனார். செல்வி பேனாவை என் கையில் திணித்தாள். எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் எழுதினேன்.

077: பயமாக இருக்கிறது என்றார்.